சுரம் தெரிந்தால் ராகம் தெரிந்துவிடுமா? ஆரபியும் தேவகாந்தாரியும் சொல்லும் பதில்

மார்கழி சீசனில் சபாவுக்குப் போகும் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பாடகர் ஆலாபனையைத் தொடங்கிய சில விநாடிகளிலேயே, பக்கத்து சீட் மாமா "தேவகாந்தாரி" என்று தலையாட்டுவார். போனை எடுத்து அதன் சுர வரிசையைத் தேடிப் பார்த்தால், ஆரபி ராகத்துக்கும் அதே வரிசைதான் இருக்கும். அப்போ அவர் எப்படிக் கண்டுபிடித்தார்?

முதலில் அடிப்படை

ஸ, ரி, க, ம, ப, த, நி என சுரங்கள் 7. ஒரு ஸ்தாயியில் இவை உட்காரும் இடங்கள் 12. ஸ, ப இரண்டும் இடம் மாறாது. ம-வில் 2 வகை. ரி-க ஜோடியை 6 விதமாகவும், த-நி ஜோடியை 6 விதமாகவும் அமைக்கலாம். 6 × 6 × 2 = 72. இவைதான் மேளகர்த்தா எனப்படும் தாய் ராகங்கள். 17-ம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, 'சதுர்தண்டி பிரகாசிகை' நூலில் இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டார்.

கீபோர்டு இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஸ-வை 'சி' கட்டையில் வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் 29-வது மேளமான சங்கராபரணம். ம-வை மட்டும் அடுத்த கறுப்புக் கட்டைக்கு மாற்றினால் 65-வது மேளமான கல்யாணி. ஒரே ஒரு சுரம்தான் மாறியது. ராகமே மாறிவிட்டது.

ஏறும் வழி, இறங்கும் வழி

தாய் ராகத்திலிருந்து பிறப்பவை ஜன்ய ராகங்கள். இவற்றில் சில சுரங்கள் விடுபடலாம். ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது வேறு வழி என்றும் இருக்கலாம். ஏறுவது ஆரோகணம், இறங்குவது அவரோகணம். உதாரணமாக பிலஹரி, ஏறும்போது மோகனம் போல 5 சுரங்களில் ஏறி, இறங்கும்போது சங்கராபரணம் போல 7 சுரங்களிலும் இறங்கும்.

இதுவரை எல்லாமே கணக்குதான். சிக்கல் இனிமேல்தான்.

வரிசை ஒன்று, ராகம் இரண்டு

ஆரபி, தேவகாந்தாரி இரண்டுமே சங்கராபரணத்தின் பிள்ளைகள். இரண்டுக்கும் ஏறுவது ஸ ரி ம ப த ஸ. இறங்குவது ஸ நி த ப ம க ரி ஸ.

ஆனால் நடை வேறு. ஆரபி துள்ளலாகப் போகும். சுரங்களில் அசைவு குறைவு. க-வும் நி-யும் நிற்காமல் சட்டென்று வந்து போகும். தேவகாந்தாரிக்கு அவசரமே கிடையாது. ரி-யும் த-வும் நீண்டு, அசைந்து அசைந்து வரும்.

சுரத்தை அசைத்தும் இழுத்தும் வளைத்தும் பாடும் இந்த முறைக்குத்தான் 'கமகம்' என்று பெயர். ராகத்துக்கே உரிய சொற்றொடர் போன்ற சுரக்கோவைகள் 'பிரயோகம்'. மாமா கண்டுபிடித்தது இவற்றைக் கேட்டுத்தான்.

அப்போ சார்ட் பார்த்துக் கற்றால் போதாதா?

போதாது. பெரும்பாலான சுரக்குறிப்புப் புத்தகங்களில் கமகம் எழுதப்படுவதில்லை. 1904-ல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளையே கொடுத்தது. அப்படியும் குரு பாட, சிஷ்யர் கேட்டுத் திருப்பிப் பாடும் பழக்கத்துக்கு மாற்று வரவில்லை. கட்டையை அழுத்தினால் ஒரே சுருதியில் நிற்கும் சாதாரண கீபோர்டில், தேவகாந்தாரியின் சுரங்கள் கிடைக்கும், தேவகாந்தாரி கிடைக்காது. சுர வரிசையை மட்டும் மனப்பாடம் செய்பவர் தவறவிடுவதும் அதைத்தான்.

நீங்களே கேட்டுப் பாருங்கள்

ஆரபிக்கு, 'முதலாளி' (1957) படத்தின் 'ஏரிக்கரையின் மேலே', அல்லது திருவையாறு ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாடும் பஞ்சரத்னத்தில் மூன்றாவது கீர்த்தனை. தேவகாந்தாரிக்கு, கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'என்னேரமும்'. அடுத்தடுத்து இரண்டு முறை கேளுங்கள். இரண்டுக்கும் வரிசை ஒன்றுதான் என்பதை நம்புவதே கஷ்டமாக இருக்கும். அடுத்த சீசனில், மாமா தலையாட்டுவதற்கு முன்பே நீங்கள் ஆட்டிவிடலாம்!