ஏழை வீட்டுக் கூரைக்கு எட்டாத விதி

புதுதில்லி: தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. இத்தகைய நாள்களில் வெயில் தாழ்ந்த பிறகும் கான்கிரீட் கூரையின் கீழ் வசிப்போருக்கு விடுதலை இல்லை. பகலெல்லாம் உள்வாங்கிய சூட்டைக் கூரை இரவில்தான் அறைக்குள் இறக்குகிறது.

இது வெறும் புலம்பல் அல்ல. அளந்து அறியப்பட்ட உண்மை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1987-இல் வெளியிட்ட கட்டடக் கையேட்டின்படி, கம்பி கட்டிய கான்கிரீட்டின் வெப்பக் கடத்துத்திறன் 1.58. மண் செங்கல்லுக்கு இது 0.75 மட்டுமே. வைக்கோல் கலந்த மண்ணைக் கூரை மீது பரப்பி ஓடு பதிக்கும் வட இந்திய முறையான 'மட் புஸ்கா'வுக்கோ 0.52.

கான்கிரீட்டை அளப்பது எளிது. பலகையாக வார்த்து, ஒரு புறம் சூடேற்றி, மறுபுறம் குளிர்வித்து, பாயும் வெப்பத்தைக் கணக்கிடலாம். மண் அப்படியல்ல. நெடுநேரம் சூடேற்றினால் அதிலுள்ள ஈரம் குளிர்ந்த பக்கம் நகர்ந்துவிடும். அளக்கத் தொடங்கிய மண் வேறு, அளந்து முடித்த மண் வேறு என்றாகிவிடும். எனவே மெல்லிய ஊசியைச் செருகிச் சில நிமிடங்கள் மட்டும் சூடேற்றி, வெப்பம் உயரும் வேகத்தைக் குறிக்கின்றனர். காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, நனைந்த மண் தனது காப்புத் தன்மையைப் பெரிதும் இழக்கிறது.

இந்த எண்கள் சட்டத்துக்குள்ளும் வந்துள்ளன. மத்திய மின்துறை 2018-இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா', கூரை வழியே சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் புகக் கூடாது என்கிறது. 10 செ.மீ. வெற்றுக் கான்கிரீட் கூரையில் அது 3-ஐத் தாண்டும். ஆனால், 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கே இவ்விதி வகுக்கப்பட்டது; அதையும் மாநிலங்கள் ஏற்க வேண்டும். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்போ 25 சதுர மீட்டர்.

மண் கூரைக்குத் திரும்புவதும் சுலபமல்ல. 10 செ.மீ. மண் பரப்பினாலே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 160 கிலோ சுமை ஏறும். 2016-இல் சமவெளிப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட ரூ.1.20 லட்சம் உதவித்தொகையில் அதைத் தாங்கும் கூரை எழுப்புவது எப்படி? கடத்துத்திறனை மாற்ற இயலாவிட்டாலும், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு மலிவானது. ஆமதாபாத் இதனை 2017-இல் தொடங்கியது. அரசு கட்டித் தரும் ஏழைகளின் வீடுகளுக்குக் குளிர் கூரையைக் கட்டாயமாக்கும் கொள்கையைத் தெலங்கானா 2023-இல் அறிவித்தது.