வயிற்றில் பை: எரிச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் சிலருக்கு, குடலின் ஒரு முனையை வயிற்றின் மேற்புறம் கொண்டுவந்து தைத்து, அதன்மேல் பை ஒட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தத் திறப்புக்கு ‘ஸ்டோமா’ என்று பெயர். சிலருக்கு அது சில மாதங்களுக்கு, சிலருக்கு ஆயுள் முழுவதும்.

சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. முதியோர் அதிகம் வாழும் பிடோக் போன்ற பேட்டைகளில் இந்தப் பையுடன் நடமாடுவோர் இருக்கவே செய்கிறார்கள். ஆனால், வெளியில் யாரும் சொல்வதில்லை. பை கசிந்துவிடுமோ, வாடை வருமோ என்ற பயத்தில் ஈரச்சந்தைக்கும் கோயிலுக்கும் போவதையே நிறுத்திவிடுவோரும் உண்டு.

பலரை வாட்டுவது ஸ்டோமா அல்ல, அதைச் சுற்றியுள்ள தோல்தான். சிறுகுடலிலிருந்து வெளியேறும் கழிவில் உணவைச் செரிக்கும் நொதிகள் இருக்கும். இறைச்சியைக் கரைக்கும் அந்த நொதிகளுக்கு நம் தோலும் ஒன்றுதான். பையின் ஒட்டுத்தகட்டில் வெட்டிய துளை ஸ்டோமாவைவிடப் பெரிதாக இருந்தால், இடையில் தெரியும் தோல் வெந்துபோகும். வெந்த தோலில் நீர் கசியும். ஈரத்தில் தகடு ஒட்டாது. மறுபடியும் கசிவு, மறுபடியும் புண்.

இதன் தொடக்கம் பெரும்பாலும் ஒரு சின்ன விஷயம். அறுவை சிகிச்சை முடிந்ததும் வீங்கியிருக்கும் ஸ்டோமா, அடுத்த 6 முதல் 8 வாரங்களில் சுருங்கும். மருத்துவமனையில் வெட்டிக் கொடுத்த அளவிலேயே தொடர்ந்து வெட்டினால் துளை பெரிதாகிவிடும். ஆகவே அந்த வாரங்களில் அளவு அட்டையை வைத்து வாரம் ஒருமுறையாவது அளக்க வேண்டும். ஸ்டோமாவுக்கும் தகட்டுக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

தோல் சிவந்ததும் தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப்பவுடர் என்று வீட்டில் இருப்பதைத் தடவுவது நம்மவர் வழக்கம். மற்ற காயங்களுக்கு எப்படியோ, இங்கே அது கெடுதல். எண்ணெயும் பவுடரும் இருக்கும் இடத்தில் தகடு பிடிக்காது. வாசனைச் சோப்பும் வேண்டாம். வெதுவெதுப்பான நீர், மென்மையான துணி, பிறகு நன்றாக ஒற்றியெடுப்பது. அவ்வளவுதான். தகட்டை உரிக்கும்போது ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாக உரிக்க வேண்டும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்வது நல்லது. பாரம் கூடினால் தகடு பெயரும். பலர் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை தகட்டை மாற்றுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அது முன்னதாகவே தேவைப்படலாம். தகட்டின் கீழ் அரிப்போ எரிச்சலோ தெரிந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். பை விலையை நினைத்து, மேலே டேப் ஒட்டி இன்னும் ஒரு நாள் தள்ளுவதுதான் மிகப்பெரிய தவறு.

ஆரோக்கியமான ஸ்டோமா வாயின் உட்புறம்போல் சிவந்து ஈரமாக இருக்கும். அதில் வலி உணரும் நரம்பு இல்லை. துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினால், ரத்தம் நிற்காவிட்டால், அல்லது பல மணி நேரம் எதுவும் வெளியேறாமல் வயிறு பிசைந்து வாந்தி வந்தால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். சிறுகுடல் ஸ்டோமா உள்ளவர்கள் தேங்காய்ச் சில்லு, கடலை, சோளம், முருங்கைக்காய் போன்றவற்றைக் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிட வேண்டும் என்று சொல்வது இந்த அடைப்பைத் தவிர்க்கத்தான்.

தோல் சிவப்பு ஓரிரு நாளில் ஆறாவிட்டாலும், அரிப்புடன் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பரவினாலும் ஸ்டோமா தாதியைப் பார்க்க வேண்டும். புள்ளிகள் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்துப் பவுடர் உண்டு. பிடோக்வாசிகள் பலர் சிமெயில் உள்ள சாங்கி பொது மருத்துவமனைக்குச் செல்வார்கள். எங்கு சிகிச்சை பெற்றாலும், அங்குள்ள தாதியிடம் பையுடனேயே சென்று காட்டுவது நல்லது. தகட்டின் பின்புறம் எங்கே கசிந்திருக்கிறது என்பதைப் பார்த்தே அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

அறுவை சிகிச்சை இன்னும் நடக்கவில்லை என்றால், ஸ்டோமா எங்கே வரும் என்பதை முன்கூட்டியே குறிக்கச் சொல்லிக் கேட்கலாம். உட்கார்ந்தும் நின்றும் குனிந்தும் பார்த்து, வயிற்று மடிப்பில் விழாத இடத்தைத் தாதி குறிப்பார். வேட்டியோ சேலையோ கட்டுபவர்கள் இடுப்புக்கட்டு எங்கே வரும் என்பதை அப்போதே காட்ட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

இன்றைய ஒட்டும் பைக்கு வழிகாட்டியவரும் ஒரு தாதிதான். டென்மார்க்கின் எலிஸ் சோரன்சன், ஸ்டோமாவுக்குப் பிறகு வெளியே போகவே அஞ்சிய தம் சகோதரிக்காக 1954ல் யோசித்தது அது.

வெளியே செல்லும்போது, வெட்டி வைத்த மாற்றுத் தகடு, பை, துணி ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நிறுத்திய காரிலோ மோட்டார்சைக்கிள் பெட்டியிலோ மட்டும் வைக்கக்கூடாது. சூட்டில் பசை இளகிவிடும்.