பல்லும் வாலும் இருந்த பறவைகள்

கோழியின் நெஞ்செலும்பு நடுவே மேடாகத் துருத்தி நிற்கும். சிறகடிக்கும் தசைகள் பற்றியிருப்பது அதில்தான். அந்த மேடு, பல்லில்லாத அலகு, குறுகிப்போன வாலெலும்பு ஆகிய மூன்றும் பறவைகளுக்கு ஒரே காலத்தில் வாய்க்கவில்லை. எது முன்னே, எது பின்னே என்பதைப் புதைபடிவங்களே சொல்கின்றன.

ஜெர்மனியில் சோல்ன்ஹோஃபன் பகுதியின் சுண்ணாம்புக்கல் பலகை பலகையாகப் பிரியும். 1861இல் அங்கே கிடைத்த ஓர் இறகின் தடத்தை விவரித்த ஹெர்மன் ஃபான் மேயர், ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று பெயரிட்டார். அதன் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. வயது சுமார் 15 கோடி ஆண்டு, காக்கையின் பருமன். இறக்கையின் இறகுகள் இன்றைய பறவைகளுடையவை போலவே இருந்தன. தாடையிலோ பற்கள், இறக்கையில் நகமுள்ள மூன்று விரல்கள், பின்னால் நீண்ட எலும்பு வால். நெஞ்சு மேடு இல்லை. 1951இல் கிடைத்த ஒரு படிவத்தில் இறகுத்தடம் மங்கலாக இருந்ததால், அதைச் சிறு டைனோசர் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தார்கள்.

இறகுகூடப் பறவையின் தனிச்சொத்தல்ல. சீனாவின் லியோனிங் மாகாணத்தில் கிடைத்து 1996இல் அறிவிக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ், குட்டைக் கைகளோடு தரையில் ஓடிய டைனோசர். அதன் உடலில் தூவி போன்ற இழைகள் இருந்தன. பறப்பதற்கு முன்பே, உடற்சூட்டைக் காக்க இத்தகைய இழைகள் பயன்பட்டிருக்கலாம்.

ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் அதே லியோனிங்கில் பல வகைப் பறவைகள் வாழ்ந்தன. ஜெஹோலோர்னிஸுக்கு நீண்ட எலும்பு வால் அப்படியே இருந்தது. அதன் வயிற்றில் விதைகள் கிடைத்துள்ளன. கன்ஃபியூசியஸோர்னிஸுக்கு வால் குறுகி, பற்கள் மறைந்து, அலகே வந்துவிட்டது. ஆனாலும் இறக்கையில் பெரிய நகங்கள் போகவில்லை.

அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிந்திய இக்தியோர்னிஸ் அமெரிக்காவின் கான்சஸில் கிடைத்தது. நெஞ்சு மேடும் வலுவான இறக்கையும் கொண்ட அந்தக் கடற்பறவைக்குப் பல் இருந்தது! 1872இல் அதை விவரித்த ஓத்னியல் மார்ஷ், அந்தத் தாடை ஏதோ ஊர்வனவுக்கு உரியது என்றே முதலில் எண்ணினார்.

ஆக, பல் உதிர்ந்தது ஒரே ஒருமுறை நடந்த சங்கதியல்ல. வெவ்வேறு கிளைகள் தனித்தனியே அலகுக்கு மாறின. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில், நன்றாகப் பறந்தவை உட்படப் பல்லுள்ள பறவைகள் அனைத்தும் மாண்டன. காடுகள் கருகியபோதும் மண்ணில் விதைகள் எஞ்சியிருக்கும். அவற்றைக் கொத்தித் தின்னத் தெரிந்த அலகே சில பறவைகளைக் காப்பாற்றியது என்பது அறிவியலாளர் சிலரின் கருத்து.