பழைய வீட்டுக்குப் புதிய பழக்கங்கள்

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் ஸ்டர்லிங் ரோட்டில் உள்ள 45, 48, 49 எண் கொண்ட புளோக்குகள் 1960ல் கட்டி முடிக்கப்பட்டவை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய முதல் அடுக்குமாடிக் கட்டடங்கள் அவையே. அங்கு இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன.

அதற்கு அடுத்த ஆண்டு, 1961 மே 25ஆம் தேதி, சற்றுத் தொலைவில் உள்ள புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீ, ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியது. நால்வர் மாண்டனர். நெருக்கமாக அமைந்த பலகை வீடுகளிலும் அத்தாப்புக் கூரைகளிலும் நெருப்பு எளிதாகத் தாவியது. கான்கிரீட் வீடுகள் வந்தபின் அத்தகைய பேரழிவுக்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால், ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை. அது இப்போது சமையலறையிலும் மின்கம்பியிலும் குளியலறைத் தரையிலும் இருக்கிறது. கட்டடம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அவற்றைக் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே.

குவீன்ஸ்டவுன் போன்ற முதிர்ந்த பேட்டைகளில் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். வாசலுக்கு அருகில் அல்லது சமையலறையில் இருக்கும் மின்விசைப் பெட்டியில் பல விசைகள் வரிசையாக இருக்கும். மின்சுமை அதிகமானாலோ கம்பிகளில் குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ அவை மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் மனித உடலில் மின்சாரம் பாயும்போது அவை காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. உயிரைப் பறிக்கக்கூடிய மின்னோட்டம் அந்த விசைகளைப் பொறுத்தவரை மிகச் சிறியது.

அதற்கென இருப்பது ‘ஆர்சிசிபி’ எனும் தனிச் சாதனம். வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லிஆம்பியர் அளவுக்கு வேறுபாடு தெரிந்தாலே, மின்சாரம் வேறு வழியில் கசிகிறது என்று கணித்து நொடிப்பொழுதில் துண்டித்துவிடும். கசியும் வழி ஒருவரின் கையாகவும் இருக்கலாம்.

1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் இச்சாதனம் இல்லாமல் இருந்தது. எல்லா வீடுகளிலும் 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. பொருத்தியதோடு வேலை முடிந்துவிடாது. அச்சாதனத்தில் ‘டி’ அல்லது ‘டெஸ்ட்’ என்று குறிக்கப்பட்ட ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வீட்டில் மின்சாரம் நின்றுபோக வேண்டும். விசையை மேலே தள்ளினால் மீண்டும் வர வேண்டும். அழுத்தியும் நிற்கவில்லை என்றால் சாதனம் பழுதாகியிருக்கலாம். உரிமம் பெற்ற மின்பணியாளரை உடனே அழைப்பது நல்லது. மின்கட்டண ரசீது வரும் நாளில் இதைச் செய்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் மறந்துபோகாது.

நீட்டிப்புப் பலகையைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கணக்கு போதும். 13 ஆம்பியர் மின்செருகி தாங்குவது சுமார் 3,000 வாட். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டிக்கு 2,200 வாட், ‘ஏர் ஃபிரையர்’ கருவிக்கு 1,500 வாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 3,700 ஆகிவிடுகிறது. ஒரே பலகையில் இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது. மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள் மின்கலனை இரவு முழுவதும், அதுவும் வாசல் கதவோரத்தில், மின்னேற்றுவது இன்னும் மோசம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

<b>அடுப்பில் எண்ணெய்</b>

அடுப்பைக் கவனிக்காமல் விடுவது சிங்கப்பூர் வீடுகளில் தீ மூள்வதற்கு முக்கியக் காரணம் என்று குடிமைத் தற்காப்புப் படை ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுடும் வீடுகளில் இது இன்னும் கூடுதலாகவே பொருந்தும். தொலைபேசி ஒலிக்கும், வாசலில் யாரோ மணி அடிப்பார்கள், வாணலி அடுப்பிலேயே காயும். ‘ஒரு நிமிடம்தானே’ என்று நினைக்காமல் முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும்.

எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் வாணலியின் அடிக்குப் போகும். அங்குள்ள சூட்டில் அது நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடையும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் கூரைவரை சிதறும். அடுப்பை அணைக்க முடிந்தால் அணைத்து, வாணலியைப் பொருந்தும் மூடியால் மூடி, சூடு தணியும்வரை திறக்காமல் விட வேண்டும். எரியும் வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஆகாது.

எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கலனில் உள்ள வாயு காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தேங்கி நிற்கும். குழாய்வழி வரும் வாயுவோ காற்றைவிட இலேசானது, மேலே எழும். வாடை வந்தால் எதுவானாலும் மின்விசையைத் தொடாமல், சன்னல் கதவுகளைத் திறந்து, வாயுவை மூடுவதே முதல் வேலை.

பூசை அறையில் எரியும் விளக்கும் சாம்பிராணியும் அடுப்புக்குச் சமமானவையே. திரைச்சீலைக்கும் காய்ந்த மாலைக்கும் எட்டாத இடத்தில், தட்டின்மேல் வைப்பதும், கோயிலுக்கோ கடைக்கோ புறப்படும்முன் விளக்கை மலையேற்றிவிட்டுப் போவதும் பாட்டிமார் கடைப்பிடித்த முறை. அதைத் தொடர்வதில் குறையேதும் இல்லை.

வீவக வீடுகளின் சன்னல்களைச் சோதிக்க ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகள் தேசிய சன்னல் பாதுகாப்பு நாள்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. கீல்வைத்த சன்னலின் ஆணிகள் துருப்பிடிக்காத எஃகாலானவையாக இருக்க வேண்டும். சன்னல் கழன்று விழுந்தால் உரிமையாளருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ சிறையோ விதிக்கப்படலாம். கீழே நடந்து போகிறவருக்கு நேரக்கூடியதை நினைத்தால் அபராதம் சிறிதுதான்.

குளியலறையில் முதியவர்கள் வழுக்கி விழுவதைத் தவிர்க்க, கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை ஆகியவற்றை அமைத்துத் தரும் ‘ஈஸ்’ திட்டத்தை வீவக 2012 முதல் நடத்தி வருகிறது. 65 வயதைக் கடந்த சிங்கப்பூரர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். வீட்டு வகையைப் பொறுத்துச் செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. ‘எனக்கு எதற்குக் கம்பி, நான் நன்றாகத்தானே நடக்கிறேன்’ என்று மறுக்கும் அப்பா, தாத்தாக்களிடம் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பேசிப் பார்க்கலாம். விழுந்தபின் பொருத்துவதைவிட அது எளிது.

கடைசியாக, வாசல். பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். காலணி அடுக்கு, பூந்தொட்டி, பழைய சைக்கிள் எதுவும் அதை அடைக்கக்கூடாது. 2022 மே மாதம் பிடோக் நார்த்தில் பொருள்கள் நிறைந்திருந்த ஒரு வீட்டில் மூண்ட தீயில் மூவர் உயிரிழந்தனர். இரும்புக் கதவைப் பூட்டித் தூங்குபவர்கள் சாவியை அலமாரிக்குள் வைக்காமல், வாசலுக்கு அருகில் உள்ளே ஓர் ஆணியில் மாட்டி வைக்கலாம். புகையில் கண் தெரியாது. தினமும் கை போகும் இடத்தில்தான் சாவி அகப்படும். வெளியேறியதும் கதவைச் சாத்திவிட்டு, அண்டை வீட்டாரை எழுப்பி, 995ஐ அழைத்துப் புளோக் எண், மாடி, வீட்டு எண் மூன்றையும் சொல்ல வேண்டும். இம்மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டி வைத்தால், வீட்டில் இருக்கும் பணிப்பெண்ணும் குழந்தைகளும்கூடப் பதற்றத்தில் பார்த்துப் படிக்கலாம்.