பூங்காவில் ஓர் உயிர்ப் பெட்டி

தலைநகரில் பயிலும் தமிழ் மாணவருள் லோதித் தோட்டத்தை அறியாதார் இலர். 1936-ஆம் ஆண்டில் வில்லிங்டன் சீமாட்டியின் பெயரால் திறக்கப்பெற்ற அப்பூங்கா, சையது, லோதி மன்னர்களின் கல்லறைகளைச் சூழ ஏறக்குறைய 90 ஏக்கர் பரந்து கிடக்கிறது. விடியற்காலையில் அங்குச் சென்றால் ஐம்பதையும் அறுபதையும் கடந்த பெரியோர் பலர் வேக நடை நடப்பதைக் காணலாம். நடுவே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால் என்ன ஆகும்?

இதயம் 'நின்றுவிட்டது' என்கிறோம். பல வேளைகளில் அது உடனே நின்றுவிடுவதில்லை. அதன் கீழறைகள் ஒழுங்கிழந்து, குருதியைத் தள்ளமாட்டாமல் வீணே நடுங்குகின்றன. மின் அதிர்ச்சி ஒன்று அந்நடுக்கத்தை அடக்கினால், இதயம் தன் தாளத்துக்குத் திரும்பக்கூடும். மார்பை அழுத்தி உதவுவோரும் இல்லாவிடின், கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைத்துவிடுகிறது. டில்லிச் சாலைகளில் ஆம்புலன்ஸ் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்!

1965-இல் பெல்பாஸ்ட் நகரத்து டாக்டர் பாண்ட்ரிட்ஜ் இவ்வதிர்ச்சிக் கருவியை முதன்முதலாக ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அதன் எடை 70 கிலோ. கார் பாட்டரிகளால் இயங்கியது. இன்றோ அது கையில் தூக்கும் சிறு பெட்டி. அதிர்ச்சி தேவையா என்று தானே ஆராய்ந்து, தேவையில்லையெனில் தர மறுத்துவிடும். செய்ய வேண்டியதை வாய்விட்டுச் சொல்லவும் செய்யும். சிகாகோ விமான நிலையங்களில் 1999-இல் இப்பெட்டிகளைப் பொதுவிடங்களில் வைத்தார்கள். இரண்டாண்டுகளில் மேற்சொன்ன நடுக்கத்தால் வீழ்ந்த 18 பேரில் 11 பேர் பிழைத்தனர். அவர்களுள் அறுவரைக் காப்பாற்றியவர்கள் இக்கருவியில் முன்பயிற்சி அற்றவர்கள் என்பது வியப்பன்றோ!

ஒரு பூங்காவுக்கு எத்தனை பெட்டிகள் வேண்டும்? 90 ஏக்கரைச் சதுரமாகக் கொண்டால் ஒரு பக்கம் 600 மீட்டர். ஓடிச் சென்று பெட்டியை எடுத்து 3 நிமிடத்தில் திரும்ப வேண்டுமானால், அது 200 மீட்டருக்குள் இருத்தல் வேண்டும். ஆதலின் நான்கேனும் தேவை. ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாயை ஒட்டியது. இத்தொகையைத் திரட்டுவது அத்தனை அரிதன்று. பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தொகுதி வளர்ச்சிக்கென ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கீடு உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமோ, பெரிய கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. கொடுப்பவர் பெயரைப் பெட்டியின்மேல் பொறித்துவிட்டால் போதும். திறப்பு விழாவுக்கும் குறைவிராது.

இடர் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. மார்பில் ஒட்டும் தகடுகளின் பசை, பயன்படுத்தாமலே இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்ந்துபோகும். பாட்டரிக்கு நான்கைந்து ஆண்டே ஆயுள். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 50 டிகிரி வரை தாங்குவன. மே மாதத்து டில்லி வெயிலில் திறந்தவெளி இரும்புக் கூண்டு அதனினும் சூடேறும். காவலாளியின் அறையே தக்க இடம். ஆனால் திறவுகோல் அவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. செத்த பாட்டரியுடன் சுவரில் தொங்கும் பெட்டி, இல்லாத பெட்டியினும் கொடியது. அதை எடுக்க ஓடியவர் மார்பை அழுத்தும் வேலையையல்லவா விட்டுச் சென்றார்?

பராமரிப்புக்குப் பணம் எங்கே? உறுப்பினர் நிதியின் நோக்கம் நிலைத்த சொத்துகளை உண்டாக்குவது. கம்பெனிப் பணத்தை மூலநிதியாக இட்டு வைக்கவும் இன்றைய விதிகள் இடந்தருவதில்லை. எனவே கருவியைக் கம்பெனி வாங்கித் தரட்டும். மூலநிதியை நடப்போரே சேர்க்கட்டும் என்பது என் யோசனை. ஆளுக்கு 200 ரூபாய் வீதம் 500 பேர் தந்தால் ஒரு லட்சம். நூற்றுக்கு 6 வட்டியில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும். ஒரு பெட்டியின் தகடு, பாட்டரிச் செலவில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். எட்டுப் பத்து ஆண்டுகளில் பெட்டியே ஓய்வு பெறும்போது முதலைக் கொண்டு புதியதொன்று வாங்கலாம். ஒரு பெட்டியில் தொடங்கினாலும் தவறில்லை; பாதி செத்த நான்கைவிட அது மேல்.

நம் சங்கத்தால் லட்சம் திரட்ட இயலாதுதான்! ஆனால் பெட்டியின் முகப்பில் சிறு விளக்கு ஒன்று உண்டு. பச்சையாயின் நலம், சிவப்பாயின் பழுது. மாதந்தோறும் முதல் ஞாயிறன்று அதைப் பார்த்து ஏட்டில் கையெழுத்திட இரு மாணவர் போதும்.