நம்பிக்கையே முதல்
தலைநகரில் வளரும் ஒரு புதிய வாணிபம்

"உங்கள் பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர் கேட்கும்போது, டில்லித் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் விடை தயங்கித்தான் வருகிறது. "மென்பொருள் விற்கிறான், ஆனால் முழு மென்பொருளும் அன்று, அதனோடு ஒட்டுவது ஏதோ ஒன்றாம்" என்கிறார்கள் பெற்றோர். அந்த 'ஏதோ ஒன்று' இன்னதென விளக்குவதும், இத்துறையில் இறங்க விரும்பும் இளைஞர்க்குச் சில சொல்வதும் நம் நோக்கமாகும்.

தொழில் இன்னதென்பது

ஓர் அலுவலகத்தில் பலர் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யவும், ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பவும், ஆவணங்களைச் சேர்ந்து எழுதவும் உதவும் மென்பொருள்கள் இன்று பல உள்ளன. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-ம் ஆண்டில் வெளியிட்ட ஜிரா, மைக்ரோசாப்ட் 2017-ல் கொணர்ந்த டீம்ஸ் ஆகியன இவ்வகையின. இவை எல்லா நாட்டினருக்கும் எல்லாத் தொழிலினருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. கடையில் வாங்கும் ஆயத்தச் சட்டை போன்றவை. சட்டை நம் உடலுக்குப் பொருந்தத் தையற்காரர் சிறிது பிடித்துக் கொடுக்கிறார் அல்லவா? அவ்வாறே பெரிய மென்பொருளில் இல்லாத ஒரு காரியத்தைச் செய்ய அதனோடு இணைக்கும் சிறு மென்பொருளையே 'ஆட்-ஆன்' என்கிறார்கள். இவற்றை விற்கக் கூகிள் 2010-லும், அட்லாசியன் 2012-லும் தத்தம் சந்தைகளைத் திறந்தன.

இவ்வழியில் முன்னேறிய தமிழர் உண்டு. சுரேஷ் சம்பந்தம் அவர்களின் ஆரஞ்ச்ஸ்கேப் நிறுவனம் சென்னையிலிருந்து 2012-ல் கிஸ்ஃப்ளோ என்னும் மென்பொருளை வெளியிட்டது. விடுமுறை விண்ணப்பம், கொள்முதல் அனுமதி முதலியவை மேஜை மேஜையாகச் செல்லும் பாதையை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. கூகிளின் அலுவலக மென்பொருளைப் பயன்படுத்துவோரிடையே முதலில் பரவிய அது, பின்னர்த் தன் காலிலேயே நின்று, நிறுவனத்தின் பெயராகவும் ஆயிற்று. ஸ்ரீதர் வேம்பு அவர்களின் நிறுவனமோ 1996-ல் அட்வென்ட்நெட் எனத் தொடங்கி, 2009-ல் சோஹோ எனப் பெயர் மாறியது. தாம் சோஹோவுக்கு மாறுவதாக மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2025 செப்டம்பரில் அறிவித்தபோது, தமிழ் மண்ணில் வேரூன்றிய அந்நிறுவனத்தின் பெயர் தலைநகரெங்கும் பேசப்பட்டது. சோஹோவும் பிறர் செய்த இணைப்புகளுக்குத் தனிச் சந்தை வைத்திருக்கிறது.

வாங்குவோர் மனம்

டில்லியில் இத்தகைய பொருளை வாங்கக்கூடியவர்கள் ஆடிட்டர்கள், வழக்கறிஞர்கள், கட்டடக் கலைஞர்கள் முதலானோர். இவர்களிடம் கிடங்கும் இல்லை, சரக்கும் இல்லை. இவர்கள் விற்பது தம் நேரத்தையும் அறிவையுமே. ஆதலால் யார், எந்தக் கட்சிக்காரருக்காக, எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று குறித்துப் பட்டியல் போடும் இணைப்பு இவர்களுக்கு உடனே பயன்படும். ஆடிட்டர்கள் கையொப்பமிடும் சான்றுகளுக்கு 2019 முதல் யூடிஐஎன் என்னும் 18 இலக்க எண் கட்டாயமாயிற்று. அதை உரிய ஆவணத்தோடு தவறாமல் சேர்த்து வைக்கும் கருவிக்கும் மதிப்புண்டு.

எனினும் பயன் மட்டும் போதாது. கட்சிக்காரர் இரகசியத்தை அவர் அனுமதியின்றி வெளியிடுவதை, 1949-ம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் தொழில் ஒழுங்கீனம் என்கிறது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அளித்த பாதுகாப்பு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்திலும் தொடர்கிறது. ஆகவே அவர்கள் முதலில் கேட்பது விலையையன்று, "எங்கள் கட்சிக்காரரின் காகிதம் யார் கண்ணில் படும்? எங்கே தங்கும்?" என்பதையே. இதற்கு நேரான விடையை எழுத்தில் கொடுக்க இயலாதவர் அவ்வாயிலை மிதிக்காதிருப்பது நன்று. இணைப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் ஓர் ஆவணத்தையும் திறக்கும் அனுமதி கேட்கலாகாது.

காலமும் அறிதல் வேண்டும். வருமான வரித் தணிக்கை அறிக்கைகளின் வழக்கமான கெடு செப்டம்பர் 30. அம்மாதத்தில் ஆடிட்டர் அலுவலகத்தின் கதவைத் தட்டுவோர் பகையையே தேடுவர். மேலும், தாமே விளம்பரம் செய்வதற்குச் சட்டம் வரம்பு கட்டிய தொழிலினர் இவர்கள். ஆரவாரமான விற்பனைப் பேச்சை விரும்பார். முன்பு வாங்கிப் பயனடைந்த ஒருவரின் நற்சொல்லே இங்கே சிறந்த தூது. முதலில் ஒரு பிரிவில் மட்டும், ஒரு மாதம், சோதித்துப் பார்க்கக் கொடுப்பது நல்ல முறை.

கணக்கையும் எளிதாகக் காட்டலாம். ஆளொன்றுக்கு மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 பேருக்கு 4,000 ரூபாய். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 720 ரூபாய். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் 15 நிமிஷம் மிச்சமானால் மொத்தம் 10 மணி நேரம். அதன் மதிப்பை வாங்குபவரே அறிவார்.

பிறர் மனையில் வீடு

இத்தொழிலின் அபாயத்தையும் மறைப்பதற்கில்லை. இணைப்பு விற்பவர் பிறர் மனையில் வீடு கட்டியவர். அலுவலகங்கள் தம் சொந்தக் கணினிகளில் நிறுவிக்கொண்ட 'சர்வர்' வகைக்கு அட்லாசியன் 2021 பிப்ரவரியில் புதிய உரிமம் விற்பதை நிறுத்தி, 2024 பிப்ரவரி 15-ல் ஆதரவையும் முடித்தது. அதற்கென்றே இணைப்பு எழுதியவர்கள் வேறு வகைக்காகத் திரும்ப எழுத நேர்ந்தது. சில வேளைகளில் மனைக்காரரே அதே வசதியைத் தம் பொருளில் சேர்த்துவிடுவதும் உண்டு. எனவே ஒரே நிறுவனத்தின் சந்தையை மட்டும் நம்பிக் கடன் வாங்குவது விவேகமாகாது. பெற்றோரும் பிள்ளை சேரும் இடத்தின் சம்பளத்தோடு, அதன் வருவாய் எத்தனை சந்தைகளிலிருந்து வருகிறதென்பதையும் கேட்டறிவது நலம்.

மனை மாறினாலும் உடன் வருவது வாடிக்கையாளரின் நம்பிக்கை ஒன்றே. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுத் தலைநகருக்கு வந்த நம் முன்னோர்க்கு மேலதிகாரிகளின் அந்தரங்கம் பலவும் தெரிந்திருந்தது. தெரிந்ததை வெளியே சொல்லாத பண்பே அவர்களுக்கு இவ்வூரில் மதிப்பைத் தேடித் தந்தது. கருவி மாறியிருக்கிறது, அப்பண்புக்குரிய விலை குறையவில்லை. அதை முதலாகக் கொண்டு நம் இளைஞர்கள் இத்துறையில் சிறந்து விளங்குவார்களாக!