ஈறில் இரத்தமா? நிபுணரிடம் போகுமுன் தெரிந்துகொள்ளுங்கள்

கிடங்கில் அடுக்கிய மூட்டைகளின் அடியில் கறையான் ஏறினால், அடுக்கு சரியும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. ஈறு நோயும் அப்படித்தான். பல் சொத்தையானால் இரவெல்லாம் வலித்துத் தூங்கவிடாது. மறுநாளே கடையைப் பையனிடம் விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுவோம். ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. பல் துலக்கும்போது எச்சிலில் கொஞ்சம் சிவப்பு, காலையில் வாயில் நாற்றம், ஈறில் லேசான வீக்கம், இவ்வளவுதான் அது கொடுக்கும் நோட்டீஸ். நாமும் தீபாவளி வியாபாரம் முடியட்டும், பொங்கல் சரக்கு இறங்கட்டும் என்று தள்ளிப் போடுகிறோம். சில வருடம் கழித்து முன்பல் ஒன்று ஆடத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் நினைவு வருகிறது. அதற்குள் அந்தப் பல்லைத் தாங்கும் எலும்பில் பெரும்பங்கு கரைந்து போயிருக்கும்.

எப்படிக் கரைகிறது? பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் தினமும் வெள்ளையாக ஒரு படிவு சேருகிறது. அதில் இருப்பவை கிருமிகள். பிரஷ் எட்டாத இடத்தில் அது தங்கிவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறிச் சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடும். அதற்குப் பிறகு உப்பு வைத்துத் தேய்த்தாலும், கரித்தூள் வைத்துத் தேய்த்தாலும் அசையாது. முதலில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும். இந்த நிலையில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழையபடி ஆகிவிடும், நஷ்டம் ஒன்றும் இல்லை. கவனிக்காமல் விட்டவர்களில் பலருக்கு ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து ஒரு பை போல ஆகிறது. கிருமிகள் அந்தப் பைக்குள் இறங்க, எலும்பு கரைய ஆரம்பிக்கிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. ஆகவே இந்த நோய்க்குச் செய்யும் சிகிச்சை, மிச்சமிருக்கும் முதலைக் காப்பாற்றுவதற்குத்தான். போன முதலை மீட்பது சில இடங்களில், அதுவும் ஓரளவுக்குத்தான் முடியும்.

நிபுணர் என்பவர் யார்?

பல் டாக்டர்கள் பி.டி.எஸ். படித்தவர்கள். அதற்கு மேல் மூன்று வருடம் ஈறு நோய்களையே தனிப் பாடமாக எடுத்து எம்.டி.எஸ். முடித்தவர்தான் ஈறு நோய் நிபுணர், பெரியோடான்டிஸ்ட் என்பார்கள். எம்.டி.எஸ்.ஸில் கிளிப் போடுவது, செயற்கைப் பல் கட்டுவது, வேர் சிகிச்சை என்று பல பிரிவுகள் உண்டு. எனவே பலகையில் எம்.டி.எஸ். என்று பார்த்த உடனே உட்கார்ந்துவிடாமல், எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் நிபுணர் தேவையில்லை. சாதாரண ஈறு வீக்கத்துக்கும் காரை எடுப்பதற்கும் வழக்கமான பல் டாக்டரே போதும். சுத்தம் செய்த பிறகும் இரத்தம் நிற்கவில்லை, ஈறில் சீழ் வருகிறது, பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுகிறது, பல் ஆடுகிறது என்றால் நிபுணரைப் பார்த்தாக வேண்டும். சின்ன வயதிலேயே பல் ஆடினால் தாமதமே கூடாது. சிறிய ஊர்களில் நிபுணர் தனிக் கிளினிக் வைத்திருக்க மாட்டார். வாரத்தில் ஒருநாள் வேறொரு டாக்டரின் கிளினிக்குக்கு வந்து போவார். உங்கள் பல் டாக்டரிடம் கேட்டால் நாளும் நேரமும் சொல்லிவிடுவார்.

முதலில் இருப்பு எடுக்க வேண்டும்

வருஷக் கடைசியில் நாம் சரக்கு இருப்பு எடுக்கிறோம் அல்லவா? நிபுணர் முதல் நாளில் செய்யவேண்டிய வேலையும் அதுதான். மில்லிமீட்டர் அளவு குறித்த மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டு ஆழம் பார்ப்பார். ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடம். வாயில் 28 பல் இருந்தால் 168 அளவுகள். உதவியாளர் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார். ஆரோக்கியமான ஈறில் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 4, 5 என்றால் பை விழத் தொடங்கிவிட்டது. 6-க்கு மேல் என்றால் ஆழமான பை. எந்தப் பல் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் பார்ப்பார். எலும்பு எவ்வளவு மிச்சம் என்று அறிய எக்ஸ்ரே எடுப்பார்.

இந்த அளவுத் தாளைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பலித்ததா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையில் இருக்கும் ஒரே கணக்கு அதுதான். அளந்து பார்க்காமலேயே "எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம்" என்றோ, "வாய் முழுக்க ஆபரேஷன்" என்றோ சொல்பவரிடம் பணம் கட்டுவதற்கு முன்னால், இன்னொருவரிடமும் கருத்துக் கேட்பது நல்லது. எடை போடாத மூட்டைக்கு நாம் விலை பேசுவதில்லையே!

நிபுணரிடம் மறைக்கக் கூடாதவை சில உண்டு. முதலாவது சர்க்கரை நோய். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் தொழிலில் இது சர்வசாதாரணம். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். சிகிச்சைக்குப் பிறகு புண் ஆறுவதும் தாமதமாகும். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஈறு நோயைச் சரிசெய்தால் சர்க்கரைக் கட்டுப்பாடும் சற்று மேம்படுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

அடுத்தது மாத்திரைகள். இரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும். வலிப்பு நோய்க்கான பெனிடோயினும் அப்படியே. சொன்னால்தான் நிபுணர் உங்கள் டாக்டரோடு பேசி மாற்று மருந்து முடியுமா என்று பார்ப்பார். இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை சாப்பிடுகிறவர்கள், இரத்தம் வரும் என்று பயந்து தாங்களாகவே நிறுத்திவிட்டுப் போகக்கூடாது. அதனால் ஈறைவிடப் பெரிய ஆபத்து வந்து சேரும்.

மூன்றாவது புகையிலை. பீடி, சிகரெட் குடிப்பவருக்கு ஈறில் இரத்த ஓட்டம் குறைவதால் நோய் முற்றினாலும் இரத்தம் அதிகம் வராது. "எனக்கு இரத்தமே வருவதில்லை" என்று அவர் திருப்தியாக இருப்பார். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுபவரும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஈறைப் பார்க்கும்போதே வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண் ஏதும் உண்டா என்றும் அவர் பார்த்துவிடுவார்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

முதலில் ஈறுக்கு மேலே உள்ள காரையை எடுப்பார்கள். அதிர்வோடு தண்ணீர் பீச்சும் கருவி அது; கூசும், ஆனால் பல்லைத் தேய்க்காது. "க்ளீன் பண்ணினால் பல் ஆடும், சந்து விழும்" என்று கடைவீதியில் சொல்லாதவர் இல்லை. உண்மை என்னவென்றால், அந்தச் சந்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. ஆடும் பல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்ததும் காரைதான். அதை எடுத்ததும் உள்ள நிலைமை வெளியே தெரிகிறது.

அடுத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர்மீது ஒட்டிய காரையை எடுப்பார்கள். வாயை இரண்டு அல்லது நான்கு பகுதியாகப் பிரித்து, நாளுக்கு ஒரு பகுதியாகச் செய்வது வழக்கம். மறுநாள் கடைக்கு வந்துவிடலாம். ஒன்றிரண்டு மாதம் கழித்துத் திரும்ப அளப்பார்கள். பலருக்கு இதோடு முடிந்துவிடும். ஆழமான பை மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தையல் போடும் சிறு அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை. தையலை ஒரு வாரம், பத்து நாளில் பிரிப்பார்கள். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டு இந்த வேலையை மிச்சப்படுத்த முடியாது. காரை இருக்கும்வரை நோயும் இருக்கும்.

சிகிச்சைக்குப் பின் வீக்கம் வடிந்து ஈறு சுருங்கும். பல் நீண்டதுபோலத் தோன்றும். சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். குளோர்ஹெக்சிடின் என்ற கொப்பளிக்கும் மருந்து கொடுத்தால், அதைச் சொன்ன நாளுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் சுவையும் தற்காலிகமாக மாறும். தேயிலை, நெய் போன்றவற்றை ருசி பார்த்துக் கொள்முதல் செய்பவர்கள் இதை நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

செலவு விஷயத்தில் கூச்சப்பட வேண்டாம். எத்தனை தடவை வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன தொகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவ சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பெரும்பாலான மெடிக்ளைம் பாலிசிகள் இத்தகைய பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. பாலிசியைப் படித்துப் பாருங்கள். வசதி குறைந்தவர்களுக்குச் சென்னை, சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடச் செலவு குறைவு. நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

சிகிச்சை முடிந்ததும் வீட்டு வேலை தொடங்குகிறது. இரவு பத்து மணிக்குக் கடை சாத்தி, சாப்பிட்டவுடன் படுத்துவிடும் வழக்கத்தில் இரவில் பல் துலக்குவது விட்டுப்போகிறது. மென்மையான பிரஷ், ஈறோரமாக இரண்டு நிமிடம், பற்களின் நடுவே அதற்கென்று உள்ள சின்ன பிரஷ். இது தினமும் நடக்க வேண்டும். நோய் முற்றி சிகிச்சை பெற்றவர்கள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிபுணரிடம் காட்ட வேண்டியிருக்கும். அந்தத் தேதியைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் காலண்டரிலேயே குறித்துவிடுங்கள். தீபாவளி நெருக்கடியில் ஐப்பசியில் தேதி விழுந்தால் புரட்டாசியிலேயே போய் வந்துவிடலாம். கார்த்திகைக்குத் தள்ள வேண்டாம்.